டிஸ்க் போடும் வாய்

ஜனவரி 6

இன்று ரங்கப்ரசாத் சார் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். ஒரகடத்தில் இந்த ஆலைக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. ஆலைத் தலைவர் என்றாலும் எதையும் உரக்கத்தான் பேசுவார்.

விஷயம் இதுதான். டிவியில் இணைத்து கேம் விளையாடும் கன்சோல்களில் இரண்டு கம்பெனிகள்தான் எங்களுக்கு முக்கியம். ஜப்பானின் ஹயாமி, அமெரிக்காவின் கார்டல். ஒருவரை ஒருவர் கவிழ்க்கப் பார்ப்பவர்கள். ஆனால் டிஸ்க்கை உள்ளே இழுத்துக்கொண்டு பிறகு வெளியே தள்ளும் பகுதியை இருவருமே எங்களிடம்தான் வாங்குகிறார்கள். எங்கள் இரண்டாம் கூடத்தில், ஒரே கூரையின் கீழ். ஹயாமிக்குப் போவது மஞ்சள் டிரே, கார்டலுக்குப் போவது சாம்பல் டிரே. லைனில் இருக்கும் பெண்களுக்கு அந்தப் பெயர்களெல்லாம் வாயில் நுழையாது. மஞ்சக்காரன், சாம்பக்காரன், அவ்வளவுதான்.

ஆறேழு வருடத்துக்கு ஒருமுறை இருவரும் புதுத் தலைமுறைப் பெட்டி கொண்டுவருவார்கள். அடுத்தது நெருங்கிவிட்டது. அதில் டிஸ்க் இருக்குமா, இல்லை எல்லாமே இன்டர்நெட் வழியாக இறக்கிக்கொள்வதுதானா? திட்டப் பிரிவில் இருக்கும் நான் இதைக் கணித்து அறிக்கை எழுத வேண்டும்.

"அவங்களையே கேட்டா சொல்ல மாட்டாங்களா சார்?"

"அவங்க சொல்ற அன்னிக்கு ஊருக்கே தெரியும் வனிதா. நமக்கு அதுக்கு முன்னாடி தெரியணும்."

ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தேற்றும் பம்பு செய்கிற ஒரு கம்பெனி இரண்டாம் கூடத்தை முழுதாகக் கேட்கிறதாம். மார்ச்சுக்குள் பதில் சொல்ல வேண்டும். கொடுத்தால் பெண்களில் பாதிப் பேரை வைத்துக்கொள்வார்கள். மேலாளர் அவர்கள் ஆளாக இருப்பார்.

"இது வெளிய போகக் கூடாது. வீட்ல கூட வேணாம். முக்கியமா வீட்ல."

வீட்டில் இருப்பது குணசீலன். என் கணவர். இரண்டாம் கூடத்தின் மேலாளர்.

ஜனவரி 7

"என்ன கதவ சாத்திக்கிட்டு மீட்டிங்?" என்று கேட்டார் குணா. வருடத் திட்டம் என்றேன். "அதுக்கா கதவு" என்று சிரித்துவிட்டு மகள் சஹானாவுக்குப் பின்னல் போட உட்கார்ந்தார். எனக்கு வருவதை விட அவருக்கு நன்றாகவே வரும்.

ஜனவரி 15

பொங்கலுக்கு ஒரு நாள்தான் விடுமுறை. அதிலும் குணா மத்தியானம் ஆலைக்குப் போய்விட்டார். புதுப் பெல்ட் ஒருபக்கமாக இழுக்கிறதாம். "பண்டிகை அன்னிக்குமா?" என்றதற்கு, "மிஷினுக்குத் தெரியுமா பண்டிகை" என்றார். சந்தோஷமாகத்தான் போனார். அந்தக் கூடம் வெறும் தரையாக இருந்தபோது சுண்ணாம்புக் கோடு போட்டு எந்த மிஷின் எங்கே என்று தீர்மானித்தவர் அவர்.

அதற்கு முன் அவர் இருந்த செல்போன் கம்பெனி மூடிய பிறகு ஒரு வருடத்துக்கு மேல் வேலையில்லாமல் இருந்தார். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. சஹானா அப்போது கைக்குழந்தை. அவள் அழுதால் எழுந்து தூக்குவார், மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பகலெல்லாம்.

இதை எதற்கு இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 24

மூன்று வாரமாகப் படித்ததில் பிடிபட்டதை எழுதிவைக்கிறேன்.

எதிரெதிரே இரண்டு டீக்கடை இருந்தால், ஒரு கடைக்காரன் தன் பாலைப் பார்ப்பதை விட எதிர்க்கடைப் பலகையைத்தான் அதிகம் பார்ப்பான். ஹயாமியும் கார்டலும் அப்படித்தான். இருவருக்கும் உள்ளூர டிஸ்க் வேண்டாம். சின்ன விசிறியை விட்டால் பெட்டியில் அசைகிற பாகம் அது ஒன்றுதான், பழுதாவதும் அதுதான். சிப் விலை ஏறிக்கொண்டே போகிறது, எதையாவது கழற்றினால்தான் விலையைப் பிடிக்க முடியும். டிஸ்க் இருந்தால் வாங்கியவன் விளையாடிவிட்டு அடுத்தவனுக்கு விற்பான், அதில் கம்பெனிக்கு ஒன்றும் கிடைக்காது. இன்டர்நெட்டில் இறக்கினால் கடையும் அவர்களுடையது, கல்லாவும் அவர்களுடையது.

பிறகு ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள்? பயம். நான் எடுத்துவிட்டால், "எங்களிடம் இருக்கிறது" என்று எதிரி பலகை வைத்துவிடுவானோ என்ற பயம். டிஸ்க் உள்ளதும் இல்லாததுமாக இரண்டு வகை விட்டு ஹயாமி போன முறையே ஆழம் பார்த்தது. இல்லாததுதான் அதிகம் விற்றது. கார்டல் ஒருபடி மேலே போய்ப் பெட்டியே இல்லாமல் டிவியிலேயே விளையாடுகிற ஏற்பாட்டுக்கு ஆட்களைச் சேர்க்கிறது.

இருவரில் ஒருவர் முதலில் விட்டால், மற்றவருடைய பயம் போய்விடும். அவரும் விட்டுவிடுவார்.

இவ்வளவையும் எழுதிவிட்டு எழுந்து போய் அவரைக்காய் நறுக்கினேன்.

பிப்ரவரி 3

ஓசூரிலிருந்து குணாவுக்கு ஓர் அழைப்பு. பேட்டரி செய்கிற கம்பெனி, உற்பத்தித் தலைவர் வேலை. பழைய நண்பர் ஒருவர் இவர் பெயரைச் சொல்லியிருக்கிறார். இந்த மாதத்துக்குள் சொல்ல வேண்டுமாம்.

சாப்பிடும்போது கேட்டார். "என்ன சொல்ற வனி? போலாமா?"

"உங்களுக்கு என்ன தோணுது?"

"எனக்கு இங்கேயே இருக்கணும். அடுத்த மாடல் நம்ம லைனுக்கு வந்திருச்சின்னா, நிம்மதியா இன்னொரு ஏழு வருஷம் ஓடிடும். அதுக்குள்ள சஹானா காலேஜ் போயிடுவா." கொஞ்சம் நிறுத்தி, "வரும்ல?" என்றார்.

"இப்பவே எப்படிங்க சொல்றது."

"உனக்குத் தெரியாமயா இருக்கும்?"

"பிளானிங்ல இருந்தா, எல்லாம் எங்கிட்ட சொல்லிட்டா செய்றாங்க."

அவர் பிறகு கேட்கவில்லை. ரசத்தில் உப்பு இல்லை. யாருமே சொல்லவில்லை.

பிப்ரவரி 4

அவர் வேலை, அவர் முடிவு. நான் எந்தப் பக்கமும் தள்ளக் கூடாது. அதுதான் நியாயம்.

பிப்ரவரி 11

கேன்டீனில் ரெஜினா எதிரே வந்து உட்கார்ந்தாள். குணாவின் லைன் லீடர். செய்யூர்ப் பக்கம். இருபத்தொன்பது வயதில் நாற்பது பெண்களை மேய்க்கிறாள், குரலை உயர்த்தாமலே.

"மேடம், என் தங்கச்சி பிளஸ் டூ முடிச்சிட்டா. சார்கிட்ட சொல்லியிருக்கேன், இங்க சேத்துக்கிறேன்னாரு."

"நல்லதுதானே."

"அடுத்த மிஷின்லயும் டிஸ்க்கு இருக்கும்ல மேடம்? ஆஸ்டல்ல பொண்ணுங்க என்னென்னமோ பேசிக்கிதுங்க. எல்லாம் போன்லயே விளையாடுறாங்க, இனிமே எவன் டிஸ்க்கு வாங்குவான்னு."

"யார் சொன்னது?"

"சும்மா பேசிக்கிதுங்க." என் தட்டைப் பார்த்தாள். "நீங்க சாப்பிடவே இல்ல மேடம்."

பிப்ரவரி 17

முதல் வரைவை சாருக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு கம்பெனிகளும் டிஸ்க்கைக் கைவிட எண்பது சதவீத வாய்ப்பு.

பதில் ஒரு வரிதான் வந்தது: "மோசமா இருக்கே. இன்னொரு தடவை பாருங்க." எப்போதும் எல்லா வரைவுக்கும் அவர் எழுதுவதுதான். இந்த முறை அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

பிப்ரவரி 20

சாதாரணமாக விட்டுவிட்ட சிலவற்றைச் சேர்த்தேன். இன்டர்நெட் சரியில்லாத நாடுகள். டிஸ்க்கை அலமாரியில் அடுக்கிவைக்க ஆசைப்படுபவர்கள். வெளிநாடுகளில் நூலகங்கள்கூட கேம் டிஸ்க் இரவல் தருகின்றன. வாய்ப்பு அறுபத்தைந்து சதவீதத்துக்கு இறங்கியது. நியாயமான திருத்தம்தான். முதல் வரைவில் அவசரப்பட்டிருக்கிறேன்.

இந்த வாரம் மனது கொஞ்சம் லேசாக இருக்கிறது. மாலையில் மூவரும் வாலாஜாபாத் சாலையில் புதிதாக வந்திருக்கும் கடையில் பரோட்டா சாப்பிட்டோம். சஹானா பள்ளி நாடகத்தில் தான் மரமாக நிற்கப்போவதைச் செய்து காட்டினாள். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பிப்ரவரி 25

குணா ஓசூருக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

காலையில் காபி ஆற்றிக்கொண்டே சொன்னார். நேற்றே சொல்லிவிட்டாராம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே."

"கேட்டா நீ சொல்ல மாட்ட. சொல்லக் கூடாதுன்னு இருக்கும், எனக்குப் புரியாதா? அந்தக் கதவு சாத்தின மீட்டிங் இதுதான்னு அன்னிக்கே தெரியும்." டம்ளரை என்னிடம் நீட்டினார். "ஆனா ஒரு வாரமா நீ சிரிச்ச முகமா இருக்க. பரோட்டா கடையில அப்படிச் சிரிச்ச. சரி, நல்ல சேதிதான்னு நானே முடிவு பண்ணிட்டேன்."

காபி நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

பிப்ரவரி 26

நாற்பது சதவீதம்.

மார்ச் 5

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். சார் என்னை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு முழுவதும் படித்தார்.

"ரெண்டு பேர்ல ஒருத்தராவது டிஸ்க்கை வெச்சிப்பாங்க. எழுபது சதவீதம். போன மாசம் இது தலைகீழா இருந்துச்சே?"

"அப்ப சில நாடுகளைக் கணக்குல எடுக்கல சார்."

"வெச்சிக்கப் போற அந்த ஒருத்தர் யாரு?"

"ஹயாமி."

"ஏன்?"

"கார்டல் முதல்ல விட்டுரும் சார். ஒருத்தர் விட்டா இன்னொருத்தருக்கு அது வாய்ப்பு. எங்ககிட்டதான் இருக்குன்னு சொல்லி, கார்டலோட ஆளுங்களையும் சேத்து இழுத்துக்கலாம். அப்ப ஒரே கம்பெனியோட ஆர்டரே நம்ம கூடத்துக்குப் போதும்."

நான் பேசியது சரளமாக இருந்தது. என் காதுக்கே நம்பும்படி இருந்தது. ஜனவரியில் எழுதியதைப் புரட்டிப் பார்க்கவில்லை.

சார் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க சொன்னா சரி. ஒன்பது வருஷத்துல நீங்க தப்பா சொன்னதில்ல. பம்பு ஆளுங்களுக்கு முடியாதுன்னு சொல்லிடறேன்."

மார்ச் 23

ரெஜினாவின் தங்கை சேர்ந்துவிட்டாள். ஸ்டெல்லா. பதினெட்டு முடிந்திருக்கிறது, பார்த்தால் பதினைந்துதான் சொல்லலாம். அக்கா பின்னாலேயே நின்றுகொண்டு எனக்கு மைசூர்பாகு நீட்டினாள். தலையில் போடும் நீலத் தொப்பி அவள் கண் வரை இறங்கியிருந்தது.

ஏப்ரல் 16

ஹயாமியிலிருந்து ஒருவர் தரப் பரிசோதனைக்கு வந்தார். குணா பத்து நாளாகக் கூடத்தைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். புது மாடலுக்கு எங்கே இடம் ஒதுக்கலாம் என்று ஒரு படம்கூட வரைந்து வைத்திருந்தார்.

வந்தவர் மரியாதையான மனிதர். லைனை ஒரு சுற்று சுற்றினார். குணா விரித்த படத்தைக் குனிந்து பார்த்து, "ரொம்ப நன்றாக இருக்கிறது" என்றார். மீட்டிங்கில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இப்போதைய மாடலுக்கு ரிப்பேர் பாகங்களை இன்னும் பத்து வருடத்துக்குக் கொடுக்க முடியுமா?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் குணா அதையே சொல்லிக்கொண்டு வந்தார். "பத்து வருஷம் வனி. பத்து வருஷத்துக்கு நம்மளோட இருக்கணும்னு நினைக்கறான்."

புதிதாகச் செய்யப்போகிறவன் ரிப்பேர் பாகத்தைப் பற்றிப் பத்து வருடத்துக்குக் கேட்க மாட்டான். இதை நான் சொல்லவில்லை. வண்டி ஓட்டுகிறவரிடம் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சஹானா இருந்தாள்.

மே 12

அனல். அடுத்த காலாண்டு ஆர்டர் குறைந்திருக்கிறது. தலைமுறை மாறும் முன் எப்போதும் குறையும். போன முறையும் குறைந்தது. போன முறை இவ்வளவு குறையவில்லை.

ஜூன் 12

கார்டல் அறிவித்துவிட்டது. டிஸ்க் இல்லை. கையில் எடுத்துப்போகும் சின்னப் பெட்டி ஒன்று, டிவிக்கு ஒன்று, இரண்டிலுமே இல்லை.

சாம்பல் டிரே இனி கொஞ்ச நாள்தான். என்றாலும் ஆலையில் யாரும் பதறவில்லை. என் அறிக்கையைப் பற்றி மேல்மட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. குணாவுக்கும்தான். மத்தியானம் என் மேஜைக்கே வந்தார், வழக்கமாக வர மாட்டார்.

"நீ எழுதின மாதிரியே ஆயிடுச்சி பாத்தியா. இவன் விட்டான், அவன் பிடிச்சிப்பான்."

பெருமையாகச் சொன்னார். பக்கத்து மேஜைக்காரருக்கும் கேட்கும்படி.

ஜூன் 13

ஹயாமி அடுத்த மாதம் அறிவிக்கிறது.

ஜூன் 28

எழுத ஒன்றும் இல்லை. சஹானாவுக்குப் பல் தெத்திக்கொண்டு வருகிறது, கம்பி போட வேண்டுமாம். டாக்டர் படத்தைக் காட்டி, இன்னும் இரண்டு வருடத்தில் எந்தப் பல் எங்கே வரும் என்று விரலால் சொன்னார். அவரால் எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடிகிறது என்று கேட்கத் தோன்றியது.

ஜூலை 9

காலை பத்தரைக்கு லைனை நிறுத்தக் குணா அனுமதி வாங்கியிருந்தார். கேன்டீன் டிவியில் ஹயாமியின் அறிவிப்பை எல்லோரும் பார்க்கலாம் என்று. "அவங்க செய்யப்போற பொருளை அவங்க பாக்க வேணாமா சார்?" என்று அவர் கேட்டதும் சார் ஒத்துக்கொண்டுவிட்டார். நூற்றி நாற்பது பெண்கள் நீலத் தொப்பியோடு நின்றார்கள். முன்வரிசைக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் பின்னால் வாஷ்பேசின் பக்கம் நின்றேன்.

முதலில் நிறையப் பேசினார்கள், ஜப்பானிய மொழியில், கீழே ஆங்கிலம் ஓடியது. பெண்கள் பொறுமையாகப் பார்த்தார்கள். பிறகு இருட்டிலிருந்து பெட்டி வந்தது. மெல்லிய கறுப்புப் பலகை. மெதுவாகச் சுழன்றது. முன்பக்கம், ஓரம், பின்பக்கம், மறுபடி முன்பக்கம்.

யாரோ கை தட்டினார்கள். ரெஜினா திரும்பி என்னைத் தேடினாள்.

"மேடம், அதுல டிஸ்க்கு போடுற வாய் எங்க இருக்குது?"

கைதட்டல் நின்றுவிட்டது. எல்லாத் தொப்பிகளும் என் பக்கம் திரும்பின. குணாவும் திரும்பினார். அவர் முகத்தில் கேள்விகூட இல்லை. நான் எங்கே என்று காட்டுவேன் என்று காத்திருந்தார், அவ்வளவுதான்.

"இல்ல" என்றேன்.

"வேற பக்கத்துல இருக்குமா?"

"இல்ல ரெஜினா. இல்ல."

பெட்டி இன்னும் சுழன்றுகொண்டே இருந்தது. குணா போய் டிவியை அணைத்தார். "சரி, வாங்க, லைனுக்குப் போவோம். இன்னிக்கு லோடு போவணும்ல" என்றார். எல்லோரும் போனார்கள். அன்றைய மஞ்சள் டிரேக்கள் அத்தனையும் நேரத்துக்குள் முடிந்தன.

ஜூலை 10

சார் பம்பு கம்பெனிக்குப் போன் செய்தார். அவர்கள் ஆந்திரா பக்கம் வேறு இடம் எடுத்துவிட்டார்களாம். "கொஞ்சம் முன்னாடி சொல்லியிருந்தா" என்றார்களாம். குணா ஓசூருக்குப் போன் செய்தார். அங்கே மார்ச்சிலேயே ஆள் வந்தாகிவிட்டது.

ஜூலை 13

கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது சில பெண்கள் என்னைப் பற்றிப் பேசியதாகவும் குணா அவர்களை அதட்டியதாகவும் கேள்விப்பட்டேன். "மேடம் என்ன பண்ணுவாங்க? ரெண்டு பேரும் சொல்லிவெச்ச மாதிரி விட்டுட்டானுங்க. கடவுளுக்கே தெரிஞ்சிருக்காது" என்றாராம்.

வீட்டில் அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நான் சோர்ந்திருக்கிறேன் என்று தோசை ஊற்றிக் கொடுத்தார். இரண்டு சாப்பிட்டேன்.

ஜூலை 24

இரண்டாம் கூடத்தை மூடுவது பற்றி இன்று பொதுக் கூட்டம். ஆகஸ்டோடு சரி. ரிப்பேர் பாகங்களுக்கு மட்டும் ஒரு சின்ன மூலை.

கூட்டம் முடிந்ததும் சார் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு டீ வரவழைத்தார். நல்ல மனிதர், உடைந்து போயிருந்தார். குணாவின் தோளில் கைவைத்து, ஆறுதலாகத்தான் சொன்னார்:

"தப்பு என்னோடது குணா. வனிதா முதல்ல சரியாத்தான் போட்டாங்க. ரெண்டு பேரும் விட்டுருவாங்க, எண்பது சதவீதம்னு. நான்தான் மறுபடி பாருங்கன்னு திருப்பி அனுப்பிட்டேன். அதையே வெச்சிருந்தா பாதிப் பொண்ணுங்களாவது தப்பிச்சிருக்கும்."

குணா டீயைக் குடித்து முடித்தார். "உங்க மேல என்ன சார் தப்பு" என்றார்.

வீட்டில் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து நின்றார்.

"அந்த எண்பது எப்ப போட்ட?"

"பிப்ரவரில."

"பிப்ரவரில எப்ப?"

"பதினேழு."

யோசித்தார். "அப்ப நான் ஓசூருக்குப் பதில் சொல்லல."

"இல்ல."

"அதுக்கப்புறம்தான் பரோட்டா கடைக்குப் போனோம்."

"நீங்க மறுபடியும் அந்த மாதிரி படுத்துருவீங்கன்னு..." என்று ஆரம்பித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படுத்தாலும் எழுந்துதானே வந்தேன்" என்றார். "நூத்தி நாப்பது பொண்ணுங்க வனி."

சஹானா டியூஷனிலிருந்து வந்துவிட்டாள். அவர் போய் அவள் பையை வாங்கிக்கொண்டார்.

ஜூலை 25

துணி துவைத்தேன். வெயில் இல்லை.

ஆகஸ்ட் 9

குணா புனே பக்கம் சாக்கனுக்குப் போய்விட்டார். கார் சீட் செய்யும் கம்பெனி, இங்கே பார்த்ததை விடச் சின்ன வேலை. தனியாக ரூம் எடுத்துக்கொள்கிறாராம். நாங்கள் எப்போது வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சஹானாவிடம் மட்டும், தீபாவளிக்கு வருவேன் என்றிருக்கிறார்.

சென்ட்ரலில் ரயில் கிளம்பும்போது ஜன்னல் வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "மாடி பைப்பு ஒழுகுது, பிளம்பரைக் கூப்பிடு" என்றார். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 18

ரிப்பேர் பாகங்களுக்கு எத்தனை பேர் தேவைப்படும் என்று என்னைத்தான் கணக்கிடச் சொன்னார்கள். வேறு யாரைச் சொல்வார்கள். மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தேன். மூன்றிலும் பன்னிரண்டு வந்தது. எதையும் கூட்டவில்லை. பன்னிரண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பெயர்களையும் நானே எழுத வேண்டும் என்றார் சார். கூடத்தின் மேலாளர் இப்போது இல்லையே.

வேலைத் திறமையை வைத்துத்தான் எழுதினேன். முதல் பெயர் ரெஜினா. ஸ்டெல்லா இல்லை. சேர்ந்தே ஆறு மாதம் ஆகவில்லை.

ஆகஸ்ட் 27

ரெஜினா மேஜைக்கு வந்தாள். ஷிப்ட் முடிந்து தொப்பியைக் கையில் வைத்திருந்தாள். தலைமுடியில் அதன் தடம் அப்படியே இருந்தது.

"மேடம், என் பேரை எடுத்துட்டுத் தங்கச்சி பேரைப் போட்டுருங்க."

"அப்படிச் செய்ய முடியாதும்மா. அவளுக்கு எல்லா மிஷினும் தெரியாது."

"ஒரு வாரத்துல நான் கத்துக் குடுத்துடறேன். அவ ஊருக்குத் திரும்பிப் போனா மாமன் மவனுக்குக் கட்டி வெச்சிருவாங்க. குடிகாரன். அதுலேருந்துதான் இழுத்துக்கிட்டு வந்தேன்."

"நீ என்ன பண்ணுவ?"

"எனக்கென்ன, எங்கயாவது பாத்துக்குவேன்." கொஞ்சம் தயங்கினாள். "மேடம், உங்களுக்குத்தான் எந்தக் கம்பெனி நிக்கும், எது போவும்னு தெரியும். ஸ்ரீபெரும்புதூர்ல போனுக்கு கிளாஸ் போடற கம்பெனி கூப்பிடறான். ராணிப்பேட்டையில ஷூ கம்பெனி கூப்பிடறான். எதுல போனா நிக்கும்?"

குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள். ஜூலை ஒன்பதாம் தேதிக்குப் பிறகும் இந்த ஆலையில் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்க ஒருத்தி இருந்தாள்.

கண்ணாடி இன்னும் நாலைந்து வருடம் நிற்கும் என்று தோன்றியது. ஷூவுக்கு ஏற்றுமதி சரியில்லை. இரண்டும் வாய் வரை வந்தன.

"எனக்குத் தெரியல ரெஜினா."

"பரவால்ல மேடம்" என்றாள். பெயரை மாற்றி எழுதும் வரை நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 6

ஞாயிற்றுக்கிழமை. குணாவின் போன் வந்தது. சஹானா ஹாலில் உட்கார்ந்து பேசினாள். பல்லுக்குப் போட்ட கம்பி பற்றி, கணக்கு டெஸ்ட் பற்றி, அங்கே மழையா என்று. நான் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

"அம்மா, அப்பா உங்ககிட்ட பேசணுமாம்."

ஒரு மாதத்தில் முதல் முறை. கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை.

"சொல்லுங்க."

"கூடத்தைக் காலி பண்ணியாச்சா?"

"நேத்து கடைசி மிஷின் போயிடுச்சி."

"லிஸ்ட்ல ரெஜினா பேரு இருக்குதா?"

"இல்ல. தங்கச்சி பேரு இருக்கு."

"நீ போட்டதா?"

"அவதான் கேட்டா. தங்கச்சியை வெச்சிக்கிட்டு தன்னை அனுப்பிடச் சொல்லி."

அந்தப் பக்கம் ஏதோ வண்டி போகிற சத்தம் கேட்டது.

"எங்க போனா?"

"தெரியல. சொல்லல."

"சரி" என்றார்.

பிறகும் கொஞ்ச நேரம் இருவரும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம். வேறு ஏதாவது கேட்பார் என்று நான் நின்றேன். சஹானா வந்து என் கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "கட் ஆயிடுச்சிம்மா" என்றாள். மாவு ஒட்டியிருந்ததைத் தன் பாவாடையில் துடைத்துவிட்டு, சார்ஜில் போட்டாள்.